கம்ப்ரசரை மாற்றும் முன் காற்று எங்கே போகிறது என்று பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஜெர்மன் எஸ்யூவியைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார், 2013 மாடல், ஏர் சஸ்பென்ஷன் உள்ளது. அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒவ்வொரு மூலையிலும் காற்றடைத்த ரப்பர் பை வண்டியைத் தாங்கும், அந்தப் பைகளுக்குக் காற்றடிப்பதுதான் இங்கே சொல்லும் கம்ப்ரசர், ஏசி கம்ப்ரசர் இல்லை. ராத்திரி நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளுமாம். ஸ்டார்ட் செய்தால் சில நிமிடத்தில் எழுந்துவிடும் என்பதால் நாலைந்து மாதம் அப்படியே ஓட்டிவிட்டார். போன வாரம் திம்பம் ஏறி மைசூர் போய் வந்ததிலிருந்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது, வண்டி எழுவதும் இல்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போச்சுங்க, புதுசு போடணும்" என்று லட்சத்தைத் தாண்டிய ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா என்று கேட்கிறார்.

கம்ப்ரசர் போயிருக்கலாம் தம்பி. பட்டறைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையில் கம்ப்ரசர் கடைசியாகச் செத்த ஆள். அதைச் சாகடித்தது வேறொன்று, அது நாலைந்து மாதமாக இடது முன் மூலையில் உங்கள் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்காமல் புதுக் கம்ப்ரசரை மாட்டினால், அதுவும் அடுத்த தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம்தான்.

தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. கடைசி வரிசைத் தென்னைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் நேராகப் போய் மோட்டாரைக் கழற்ற மாட்டார்கள். முதலில் குழாய் ஓரமாக நடந்து, எங்கே ஈரமாக இருக்கிறது, எங்கே எலி கடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். காரென்றால் மட்டும் மோட்டாரிலிருந்து ஆரம்பிக்கிறோம். காற்று கண்ணுக்குத் தெரியாதது ஒரு காரணம். ஸ்கேனரில் வரும் வாசகம் இன்னொரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் தொழில் பழகியது கரூரில், பஸ் பாடி கட்டும் இடத்தில். ஏர் சஸ்பென்ஷனை முதலில் பார்த்தது பஸ்ஸில்தான். 2001-இல் வால்வோ பஸ்கள் இங்கே வந்த பிறகு அது நம் ஊர் ரோட்டில் சகஜமாகிவிட்டது. பஸ்காரர்கள் அந்தக் காற்றுப் பையை 'பலூன்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பஸ்ஸில் என்ஜின் சுற்றும்போதெல்லாம் கம்ப்ரசரும் சுற்றும், பிரேக்குக்கும் பலூனுக்கும் அதே காற்று. ஒரு பலூன் கொஞ்சம் கசிந்தாலும் கம்ப்ரசர் அதை உணராது. காலையில் டிரைவர் ஸ்டார்ட் செய்து, ஏர் ஏறட்டும் என்று ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவார், அவ்வளவுதான்.

கார் அப்படி இல்லை. அதில் இருப்பது பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார், அதன் தலையில் ஒரு சின்ன பிஸ்டன். ஒரு தடவைக்குச் சில நிமிடம் ஓடி நின்றுவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. அது அடைக்கும் காற்று முதலில் டிரையர் என்ற சிறு உருளை வழியாகப் போய் ஈரத்தை இழக்கிறது. பிறகு வால்வு பிளாக்குக்கு வருகிறது. அங்கே மூலைக்கு ஒன்றாக மின்வால்வுகள், எந்தப் பலூனுக்குக் காற்று வேண்டுமோ அந்த வால்வு மட்டும் திறக்கும். பல வண்டிகளில் ஒரு சேமிப்பு டேங்கும் உண்டு, அதில் ஏறக்குறைய 15 பார் அழுத்தம் வரை காற்று நிற்கும். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல், ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் உயரத்தைச் சொல்ல ஒரு சென்சார். இவை எல்லாவற்றையும் பார்த்துக் கட்டளை போட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி.

இப்போது ஒரு பலூன் கசிகிறது என்று வையுங்கள். காலையில் கம்ப்ரசர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடுகிறது. போகும் வழியில் அடிக்கடி ஓடுகிறது. சூடேறுகிறது, பிஸ்டனின் ரிங் தேய்கிறது. தேயத் தேய அதே காற்றுக்கு இன்னும் அதிக நேரம் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு மின்சாரம் தரும் ரிலேயின் முனைகள் கருகுகின்றன. கடைசியில் ஏதோ ஒரு மலைப்பாதை, முழு லோடு, 27 கொண்டை ஊசி வளைவு, எல்லாம் சேர்ந்து கதையை முடித்துவைக்கின்றன. திம்பத்தின் மேல் பழி போடாதீர்கள், அது சும்மா சாட்சி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று டிரையர். சாதாரணமாக வண்டி உயரம் குறையும்போது பலூனிலிருந்து வரும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பிப் போய்த்தான் வெளியேறும். போகும்போது டிரையரில் தேங்கிய ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். டிரையர் இப்படித் தன்னைத்தானே காயவைத்துக்கொள்கிறது. ஆனால் பலூன் ஓட்டை வழியாகக் காற்று போனால், அது டிரையருக்குத் திரும்பி வருவதே இல்லை. ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. டிரையருக்குள் இருக்கும் மணிகள் ஊறி உடைந்து வெள்ளைப் பொடியாகி வால்வு பிளாக்குக்குள் போய் உட்காரும். ஒரு மூலையில் ஆரம்பித்த கசிவு, ஆறு மாதத்தில் சம்பந்தமே இல்லாத வால்வைக் கெடுப்பது இப்படித்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கருவி தையற்கடை டேப். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடு மூடியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளந்து, மில்லிமீட்டரில் எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது, டயரில் காற்றுக் குறைந்தால் அந்த அளவு பொய் சொல்லும். காலையில் கதவைத் திறப்பதற்கு முன், சாவியைக் கையில் எடுப்பதற்கும் முன், மறுபடி நாலையும் அளக்க வேண்டும். மொத்தம் எட்டு எண்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி ராத்திரியில் தானே விழித்துப் பார்க்கும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி கோணலாக நிற்க வேண்டாம் என்று மற்ற மூன்றையும் அந்த அளவுக்கு இறக்கிவிடும். லேண்ட் ரோவர்களில் இந்தப் பழக்கம் பிரசித்தம். காலையில் வந்து பார்த்தால் நாலு மூலையும் தரையில் கிடக்கும். "நாலு பலூனும் போச்சு" என்று ஒருவர் சொல்வார், "வால்வு பிளாக் போச்சு" என்று இன்னொருவர் சொல்வார். உண்மையில் கசிவது ஒன்றாக இருக்கும். அதனால் ராத்திரி அளந்து முடித்ததும் சஸ்பென்ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பியூஸைப் பிடுங்கிவிடுங்கள். கம்ப்ரசர் பியூஸை மட்டும் எடுத்தால் போதாது, காற்றை இறக்குவதற்குக் கம்ப்ரசர் தேவையில்லை. எது எந்த பியூஸ் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பியூஸ் இல்லாத ராத்திரியில் எது இறங்குகிறதோ அதுதான் உண்மையிலேயே கசியும் மூலை.

எண்களைப் படிப்பதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஒரே மூலை நன்றாக இறங்கி மற்ற மூன்றும் நின்றால், அந்த மூலையின் பலூன், அதற்குப் போகும் குழாய், குழாயின் இணைப்பு, அல்லது வால்வு பிளாக்கில் அதற்கான வால்வு, இந்த நான்கில் ஒன்று. ஒரு மூலை இறங்கும்போது அதன் எதிர் மூலை கொஞ்சம் தூக்கியது போல் தெரியும், நாலு கால் கட்டிலில் ஒரு கால் குட்டையானது மாதிரி. அதைத் தனிக் கோளாறு என்று எண்ண வேண்டாம். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால், இரண்டு பலூனும் ஒரே வயது என்பதால் இரண்டுமே போயிருக்கலாம், இல்லையென்றால் வால்வு பிளாக்.

நாலும் ஒரே அளவு, அரை அங்குலத்துக்குள் இறங்கியிருந்தால்? பயப்படாதீர்கள், அது குளிர். காற்று குளிர்ந்தால் சுருங்கும். வண்டியின் எடை மாறவில்லை என்பதால் பலூனுக்குள் அழுத்தமும் மாறாது, சுருங்கிய அளவுக்கு உயரம்தான் குறையும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் நின்ற வண்டி ராத்திரி ஊட்டியில் 8 டிகிரியில் நின்றால் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு சுமார் 9 சதவீதம் குறையும். ஊட்டி போய்த் தங்கிவிட்டு மறுநாள் காலையில் "வண்டி இறங்கிருச்சுங்க" என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாலும் ஒரே மாதிரியா என்றுதான்.

உங்கள் வண்டி இப்போது எழுவதே இல்லை, பிறகு எப்படி ராத்திரிச் சோதனை செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு வழி. முதலாவது, கம்ப்ரசர் உண்மையில் சாகாமல் சூட்டினால் நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். அதிக நேரம் ஓடினால் கட்டுப்பாட்டுப் பெட்டியே அதை நிறுத்திவைக்கும், ஆறிய பிறகு விடும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் ஓடவிடாது. பல வண்டிகளில் கதவு திறந்திருந்தாலும் உயரம் மாறாது. பட்டறையில் நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போட்டுக்கொண்டு "ஏற மாட்டேங்குது" என்று பார்த்துக்கொண்டிருந்த கூத்தை நானே கண்டிருக்கிறேன். ஆகவே நல்ல பேட்டரி, ஓடும் என்ஜின், மூடிய கதவு, ஆறிய கம்ப்ரசர் என்று ஒரு தடவை நியாயமாகச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி நம் பக்கத்துக்கே உரியது. காரில் ஓடும் காற்றுக் குழாய் பெரும்பாலும் 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய். நம் ஊர் ஸ்பின்னிங் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இயந்திரங்களுக்குக் காற்று போவதும் அதே அளவுக் குழாயில்தான். மில்லுக்கு நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் அந்த அளவுக்குத் தள்ளி மாட்டும் இணைப்பு, ஒரு சின்ன மூடு வால்வு, 16 பார் வரை காட்டும் அழுத்த மீட்டர், டயர் வால்வு எல்லாம் சில நூறு ரூபாயில் கிடைக்கும். இடது முன் பலூனுக்குப் போகும் குழாயை வால்வு பிளாக்கிலிருந்து கழற்றி, இந்த ஏற்பாட்டை மாட்டி, லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் மெதுவாக, வண்டி தன் வழக்கமான உயரத்துக்கு வரும் வரை மட்டும் காற்றடிக்கலாம். 6 முதல் 10 பாருக்குள் பெரும்பாலான கார்கள் எழுந்துவிடும். மூடிவிட்டு மீட்டரையும் டேப்பையும் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். இறங்கினால் பலூனோ குழாயோ கசிகிறது. இறங்காமல் விடியும் வரை நின்றால் பலூன் நல்லது, வால்வு பிளாக்தான் காற்றைத் திருப்பிவிடுகிறது. ஒரு ராத்திரியில் நாலு சந்தேகம் இரண்டாகிவிடும். சக்கரம் தரையில், வண்டியின் எடை பலூனின் மேல் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். தொங்கும் பலூனுக்குக் காற்றடித்தால் அது பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த இடத்தில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். காற்றால் மட்டும் தூக்கி நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். ஒரு வால்வு திறந்தால் அந்த வண்டி ஒரு நொடியில் கீழே வரும். ஜாக்கி போட்டு, வண்டியின் பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் எட்டிப் பார்க்க வேண்டும். ஜாக்கி போடும் முன் வண்டியில் ஜாக்கி மோட் இருந்தால் அதைப் போட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் தொங்குவதைப் பார்த்து கட்டுப்பாட்டுப் பெட்டி தன் இஷ்டத்துக்குக் காற்றை விட்டும் அடித்தும் விளையாடும். காற்றில்லாத பலூனின் மேல் வண்டியை இறக்கவும் கூடாது. மடிப்பு கோணலாக நசுங்கினால் புதுப் பலூன் அன்றைக்கே முடிந்தது.

கசியும் மூலை தெரிந்துவிட்டதா, இனி கசியும் இடம். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட், ஒரு மக் தண்ணீர், செடிக்கு மருந்தடிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் போதும். பலூனின் ரப்பர் கீழ்ப் பக்கம் உள்ளே மடிந்து, வண்டி ஏறி இறங்கும்போது உருண்டுகொண்டே இருக்கும். அந்த மடிப்பில்தான் பெரும்பாலும் வெடிப்பு விழும். எட்டுப் பத்து வருடம் கடந்த ரப்பர், நம் ஊர் செம்மண் புழுதியும் கல் குவாரித் தூசியும் மடிப்புக்குள் போய் உப்புத்தாள் போல் தேய்த்திருக்கும். சில வெடிப்புகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும்தான் வாய் திறக்கும். வண்டி ஏறியிருக்கும்போது சோப்பு நுரை வராது, நடு உயரத்தில் வரும், அல்லது நேர்மாறாக. அதனால் எல்லா உயரத்திலும் தெளித்துப் பாருங்கள். முன்பக்கப் பலூன் பல வண்டிகளில் ஒரு உறைக்குள் ஒளிந்திருக்கும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் கொஞ்சம் தெரியும். வெடிப்பு தெரியாவிட்டாலும் உறையின் கீழ்விளிம்பில் நுரை மெல்லத் தள்ளிக்கொண்டு வரும். சிறு கசிவு என்றால் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். தெளித்தோம், வரவில்லை, பலூன் நல்லது என்று உடனே எழுந்துவிடாதீர்கள்.

மில்லில் பராமரிப்பில் இருக்கும் நண்பர் யாராவது இருந்தால், காற்றுக் கசிவைக் காதுக்குக் கொடுக்கும் அல்ட்ராசானிக் கருவி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்ப்ரசர் கரண்ட் பில்லுக்குப் பயந்து பல மில்களில் வைத்திருப்பார்கள். சோப்பு எட்டாத இடத்துக்கு அது நல்ல கருவி.

பலூனுக்கு அடுத்த சந்தேகம் இணைப்பு. இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. பொள்ளாச்சியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரியின் வண்டி, வலது பின்பக்கம் இறங்குகிறது. மடிப்பில் வெடிப்பு கண்ணுக்கே தெரிந்தது, பலூனை மாற்றினேன். மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன், மறுபடி இறங்கிவிட்டது. புதுப் பலூன் கெட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தேன். பிறகு நுரை தெளித்தால், பலூனின் தலையில் குழாய் நுழையும் இடத்தில் குமிழி. அந்த இணைப்புக்குள் ஒரு பித்தளை வளையம் குழாயைக் கடித்துப் பிடித்திருக்கும். பழைய குழாயை, பழைய வளையத்தின் தழும்போடு அப்படியே சொருகி முறுக்கியிருந்தேன். குழாய் முனையை நேராக வெட்டி, புது இணைப்பு போட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது, வேலையைத் திரும்பச் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த இணைப்பையும் நுரை பார்க்காமல் விடுவதில்லை.

எலியையும் மறக்கக் கூடாது. தோட்டத்துச் சாளையில் நிறுத்தும் வண்டிகளில் பிளாஸ்டிக் குழாயும் சென்சார் வயரும் எலிக்குப் பலகாரம். கடித்த தடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைவிட மலிவான ரிப்பேர் வேறில்லை.

வால்வு பிளாக்கைப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். வெளியே கசிந்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். உள்ளுக்குள், ஒரு வால்வு சரியாக மூடாமல் இன்னொரு வழிக்குக் காற்றை விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. காற்று கடைசியில் வெளியேறும் வாயில் ஒரு குழாயைச் சொருகி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். வண்டி சும்மா நிற்கும்போது அங்கே குமிழி வரவே கூடாது. வந்தால் வெளியேற்றும் வால்வு மூடவில்லை, பெரும்பாலும் டிரையர் பொடிதான் காரணம். நான் சொன்ன விடியும்வரைச் சோதனையும் இதுவும் சேர்ந்தால் வால்வு பிளாக் தப்ப முடியாது.

இனி கம்ப்ரசர். ஓடவே இல்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டாருக்கு வரும் வோல்டேஜ், எர்த் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டார் வாசலில் 12 வோல்ட் வந்தும் அசையவில்லை என்றால் மோட்டார் செத்ததுதான். வண்டியைப் பூட்டிய பிறகும் ராத்திரி முழுக்க 'ர்ர்ர்' என்று ஓடினால் ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பேட்டரியையும் தின்று கம்ப்ரசரையும் எரித்துவிடும். ரிலே சொற்ப விலைச் சாமான், கம்ப்ரசர் மாற்றும்போது கூடவே மாற்றாமல் விடுகிற பட்டறையை நான் நம்ப மாட்டேன்.

ஓடுகிறது ஆனால் வண்டி எழவில்லை என்றால், உள்ளே அழுத்தம் இல்லாமல் செய்துவிட்டு, அதன் வாயில் நேராக மீட்டரை மாட்டிச் சில நொடி ஓடவிடுங்கள். முள் தயங்காமல் ஏற வேண்டும். 5, 6 பாருக்கு வந்து மூச்சு வாங்கினால் ரிங் தேய்ந்துவிட்டது. மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்பதும் கதை சொல்லும். வழக்கத்தைவிட அதிகம் இழுத்து அழுத்தம் வரவில்லை என்றால் எங்கோ இறுகிப் பிடிக்கிறது. குறைவாக இழுத்து அழுத்தமும் இல்லை என்றால் பிஸ்டன் சுமையே இல்லாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் வீதிக்கு வீதி இருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கினால், அது டிசி ஆம்பியர் காட்டுமா என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலானவை ஏசி மட்டும்தான் காட்டும். ஒரு பையன் அப்படி ஒன்றை மாட்டிவிட்டு "கரண்டே இழுக்கலைங்கண்ணா" என்று நின்றான்.

ரிங் மட்டும் தேய்ந்து மோட்டார் நன்றாக இருந்தால், பல மாடல்களுக்கு ரிங்கும் சிலிண்டரும் தனியாகக் கிடைக்கின்றன. பம்பும் கம்ப்ரசரும் செய்தே பிழைக்கும் ஊர் இது, கை சுத்தமான ஆள் செய்தால் அது மோசமில்லை. ஆனால் டிரையரைத் திறந்து பார்க்காமல் அந்த வேலையைச் செய்யக் கூடாது. உள்ளே ஈரமோ மாவு போன்ற பொடியோ இருந்தால் மணிகளை மாற்றிவிட்டு, குழாய்களை ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மாட்ட வேண்டும்.

சென்சார் கோளாறு தனி ரகம். அதைக் கசிவோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தே நின்றது. இரண்டு பலூன் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள், பலன் இல்லை. நான் செய்தது ராத்திரியும் காலையும் அளந்தது மட்டும்தான். இரண்டு அளவும் ஒன்று. இறங்காத வண்டியில் கசிவு எங்கே இருந்து வரும்? சக்கர ஆர்மையும் சென்சாரையும் இணைக்கும் விரல் நீளக் கம்பியின் குமிழ் மூட்டு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி தாழ்ந்திருக்கிறது என்ற செய்தியே பெட்டிக்குப் போகவில்லை. ஸ்கேனரில் நாலு மூலை உயரமும் ஓடும்போதே தெரியும், அதையும் டேப் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சென்சார் பொய் சொல்கிறது என்று புரிந்துவிடும். சென்சார் கையை மெல்ல ஆட்டினால் எண் படிப்படியாக மாற வேண்டும், நடுவில் துள்ளக் கூடாது. சென்சாரையோ பலூனையோ மாற்றிய பிறகு உயரத்தை ஸ்கேனரில் மறுபடி பதிய வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேனர் என்றதும் உங்கள் பட்டறை சொன்னது நினைவுக்கு வருகிறது. சந்தையில் கிடைக்கும் மலிவான ஓபிடி கருவி என்ஜின் கோளாறுகளைத்தான் படிக்கும், சஸ்பென்ஷன் பெட்டியோடு பேசாது. அந்தந்தக் கம்பெனிக்கு உரிய மென்பொருள் வேண்டும். அதிலும் வரும் வாசகத்தை அப்படியே நம்பக் கூடாது. 'நிரப்பும் நேரம் மீறியது' என்று வந்தால் அதன் அர்த்தம், இவ்வளவு நேரம் ஓடியும் உயரம் வரவில்லை என்பது மட்டும்தான். கம்ப்ரசர் பலவீனமாக இருக்கலாம், பலூன் ஓட்டையாக இருக்கலாம், வால்வு திறக்காமல் இருக்கலாம். பானை நிறையவில்லை என்று சொல்கிறது, கிணறு வற்றியதா பானை ஓட்டையா என்று அதற்குத் தெரியாது. உங்கள் பட்டறையில் ஸ்கேனரில் என்ன கோளாறுக் குறியீடு வந்தது, கம்ப்ரசரின் அழுத்தத்தை மீட்டர் போட்டு அளந்தார்களா, இடது முன் பலூனுக்கு நுரை தெளித்தார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்தோம் என்றால் எண்ணைச் சொல்வார்கள். எண் இல்லாமல் "எங்களுக்கு அனுபவம் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் இன்னொரு இடத்தைப் பாருங்கள்.

'எல்லாத்தையும் கழட்டிட்டு சுருள் ஸ்பிரிங் போட்டுக்கலாமா' என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சில மாடல்களுக்கு அதற்கான செட் கிடைக்கிறது. பதினைந்து வருடப் பழைய வண்டிக்கு அது தப்பில்லை என்பேன். உங்கள் வண்டிக்கு இப்போதைக்கு வேண்டாம். ஓட்டும் சுகம் போகும், லோடு ஏற்றினால் பின்பக்கம் தாழும், எச்சரிக்கை விளக்கை மென்பொருளில் அணைக்க வேண்டும். வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் வரும் சமாச்சாரம், ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டும் திரவத்தைப் பலூனுக்குள் விட்டால் நின்றுவிடும் என்று சொல்கிறவரைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுங்கள். அது பலூனோடு நிற்காது, வால்வு பிளாக்கையும் சேர்த்து அடைத்துவிடும்.

பலூன் ஒன்று போனால் ஜோடியாக மாற்ற வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் வண்டியில் இரண்டும் 2013-இல் பிறந்தவை என்றால் வலது பக்கத்தின் மடிப்பையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நுண் வெடிப்புகள் தெரிந்தால் ஒரே கூலியில் இரண்டையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

இப்போது அந்த வண்டியை ஓட்டாதீர்கள். உட்கார்ந்த வண்டியில் சக்கரம் மட்கார்டில் உரசும், நசுங்கிய பலூன் கிழியும், பள்ளத்தில் அடி நேராகப் பாடிக்குப் போகும். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மேலே ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள். கட்டும்போது சக்கரத்தில் பட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பாடியில் கட்டினால் வழியில் காற்று இறங்கிப் பட்டை தளர்ந்துவிடும்.

முதலில் வண்டி நிற்கும் இடத்திலேயே பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, கதவையெல்லாம் மூடி, ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ஏறினால் ராத்திரி அளந்து, பியூஸை எடுத்துவிட்டு, காலையில் அளந்து அந்த எட்டு எண்களை அனுப்புங்கள். ஏறாவிட்டால் ரிலே 'டிக்' என்று தட்டுகிறதா, கம்ப்ரசர் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். மீதியை அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.